ரயில் வரவில்லை

கொரோமண்டலில் இருக்கிறது ஆவணக் காப்பகம்.
சோழமண்டலம்தான் வாய் மாறி வாய் மாறி
கடைசியில் இங்கே ஒரு தொழிற்பேட்டைக்குப் பெயராகிவிட்டது.
அட்டைப்பெட்டி மேசைக்கு வந்தபோது மணி மூன்று.
"மொழி தெரியவில்லை" என்று
யாரோ பிரெஞ்சில் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது.
ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து
பிறகு எங்குமே தேவைப்படாத
தமிழ் எண்கள்.

௬-௪௨. கேட்டு மூடினேன். ரயில் வரவில்லை.
௬-௫௦. திறந்தேன்.

அடுத்த வரியும் அதே.
அடுத்த பக்கமும்.

சம்பளப் பதிவேட்டில் அவர் சுப்ராயேன் குர்பேன்.
நோட்டு அட்டையில் அவரே எழுதிக்கொண்டது
சுப்பராயன் கருப்பன்.
மொந்தாஞ் பிளான்ஷுக்கு இரண்டு மைல் முன்னே
கரும்பு வண்டிகள் தண்டவாளம் தாண்டும் இடத்தில்
கேட்டுக்காரர்.

கிளைப்பாதையை மூடும் கடிதம்
ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போயிருக்கிறது.
விளக்கு துடைப்பவனுக்கும் போயிருக்கிறது.
தண்ணீர்த் தொட்டியை ஏலம் எடுத்த சீனருக்குக்கூட
ஒரு பிரதி உண்டு.
கருப்பனை மறந்துவிட்டார்கள்.
மறந்ததால் சம்பளத்தையும் நிறுத்தவில்லை.
மாதக் கடைசியில் போர்ட் லூயியிலிருந்து
உறை வந்தது, காசு குறையாமல்.

பதினொரு மாதம்.

சம்பளம் வந்தால் வேலை இருக்கிறது,
வேலை இருந்தால் ரயில் இருக்கிறது,
எங்கேயோ தாமதம், அவ்வளவுதான்.
இப்படி அவர் நினைத்தாரா?
நினைத்ததை எழுதுகிற நோட்டு அல்ல அது.

லாரிக்கார வலைதோன் கெட்ட வார்த்தை சொன்னான்.
எட்டு நிமிஷமும் நின்றான்.

கீலில் துரு. எண்ணெய் சொந்தக் காசு, இருபது சதம்.

பிள்ளை வலி கண்ட பெண் வண்டியில்.
இரண்டு நிமிஷம் முன்னதாகத் திறந்தேன். தப்பு என்னுடையது.

தண்டவாளம் கழற்ற ஆட்கள் வந்தார்கள்.
அவர்கள் முடிக்கும்வரை கேட்டு மூடி
ஒருவரையும் விடவில்லை.

அதற்கு மறுநாள்
தண்டவாளம் இல்லாத இரண்டு கோடு சரளைக்கு முன்னால்
௬-௪௨. மூடினேன். ரயில் வரவில்லை.

இங்கே நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.
திரும்பி வந்து ஆறு பக்கம் தள்ளிப் புரட்டினால்
செப்டம்பர் பத்தொன்பது:

௬-௪௨. மூடினேன். ரயில் வந்தது.
௬-௪௪. திறந்தேன்.

எத்தனை பெட்டி, எழுதவில்லை.
எந்தப் பக்கமிருந்து, எழுதவில்லை.
கையெழுத்து கோணவும் இல்லை.
மறுநாள் வழக்கம்போல
வரவில்லை.

பிறகு யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.
பதினொரு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டு என்று
சிவப்பு மையில் ஒரு கடிதம்.
பதிலாக அவர் அனுப்பியது இந்த நோட்டுதான்,
நடுவில் சணல் கட்டி.
வாங்கிய அதிகாரிக்கு ஓர் எழுத்தும் புரிந்திருக்காது.
புரியாத காகிதத்தை என்ன செய்வார்கள்?
பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தினார்:
பார்க்கப்பட்டது.
கடைசித் தாளில், வசூல் கைவிடப்பட்டது.

செப்டம்பர் பத்தொன்பதின் மேலும்
நேராக, நீலமாக, அதே முத்திரை.
ஆகையால் அந்த ரயிலை
அரசாங்கமும் பார்த்திருக்கிறது.

சனிக்கிழமை போனேன்.
ஊரில் அந்தத் தடத்துக்கு இன்னும் சிமேன் த்ரேன் என்றே பேர்.
இரு பக்கமும் சீனக் கொய்யா, காலில் சிவப்பாக நசுங்கியது.
காதில் ஒயர் மாட்டிய ஒருத்தி ஓடிக்கொண்டே
போன்ஜூர் சொன்னாள்.
கேட்டுக் கல் ஒன்று நிற்கிறது. மற்றதை
ஒரு வீட்டு முற்றத்தில் கண்டேன்,
ஆடு கட்டியிருந்தது.

ஆறு நாற்பத்திரண்டுக்கு அங்கே நிற்க வேண்டும்
என்றுதான் கிளம்பினேன்.
கார்த்தியே மிலித்தேரில் பஸ் மாறத் தாமதம்.
போய்ச் சேர்ந்தபோது ஏழேகால்.
கேட்டு திறந்திருந்தது
என்றுதான் சொல்ல வேண்டும்.